காட்டைக் குலைத்தது யார்? பச்சைமலை முதல் தேயிலை மலைகள் வரை



அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளையொட்டி நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்குக் காட்டைத் தலைப்பாக எடுத்திருக்கிறேன் என்று சொன்னதும் சில தோழர்கள் கேட்டார்கள்: கூலிப் பிரச்சினை இருக்கிறது, சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினை இருக்கிறது, இட ஒதுக்கீட்டைக் கரைக்கிற வேலை நடக்கிறது, இதற்கு நடுவில் காடு எதற்கு? நியாயமான கேள்விதான். காட்டைப் பற்றிய பேச்சு நம்மிடம் வரும்போதெல்லாம் பறவை பார்க்கிறவர்களின் பேச்சாகவோ வனத்துறையின் எச்சரிக்கைப் பலகையாகவோதான் வந்திருக்கிறது. ஆனால் துறையூரில் நின்று தலையை நிமிர்த்தினால் ஒரு பக்கம் பச்சைமலை, இன்னொரு பக்கம் கொல்லிமலை. அந்த இரண்டு மலைகளிலும் இன்று எந்த இடத்தில் மரம் இருக்கிறது, எந்த இடத்தில் புதர் இருக்கிறது, எந்த இடம் மொட்டைப் பாறையாகக் கிடக்கிறது என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அது நிலத்தின் வரலாறு. நிலத்தின் வரலாறு எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் சாதியின் வரலாறும் எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் இந்தத் தலைப்பு.

குலைவு என்ற சொல்

வன அலுவலகக் கோப்புகளில் அடிக்கடி வரும் சொல் ஒன்று உண்டு: "மனித இடையூறு". ஆடு மேய்ப்பது இடையூறு, சுள்ளி பொறுக்குவது இடையூறு, கிழங்கு தோண்டுவது இடையூறு. இந்தச் சொல் சூழலியலிலிருந்து இரவல் வாங்கப்பட்டது. ஆனால் சூழலியலில் அதற்குப் பழி சுமத்தும் பொருள் கிடையாது. காட்டின் அமைப்பைத் திடீரென்று மாற்றிவிடும் எந்த நிகழ்வையும் அவர்கள் குலைவு என்கிறார்கள். தீ, புயல், வெள்ளம், மண்சரிவு, வறட்சி, பூச்சித் தாக்குதல் எல்லாமே குலைவுதான். அந்த வரிசையில் கோடாலியும் ஒன்று.

1947இல் அலெக்ஸ் வாட் என்ற தாவரவியலாளர் பிரிட்டனில் ஒரு கட்டுரை எழுதினார். காடு ஒரே சீராக விரித்த பாய் அல்ல, ஒட்டுப்போட்ட போர்வை போன்றது என்பது அதன் சாரம். ஓரிடத்தில் பெரிய மரம் விழுந்து வெளிச்சம் இறங்கியிருக்கும். பக்கத்திலேயே கன்றுகள் நெருக்கியடித்து வளரும். அதற்கும் அப்பால் முதிர்ந்த மரங்கள் நிற்கும். இடம் மாறி இடம் இந்தச் சுழற்சி நடந்துகொண்டே இருக்கும். ஆக நாம் காணும் காட்டின் தோற்றம் அதன் நிலையான வடிவம் அல்ல, நடந்துகொண்டிருக்கும் ஒரு செயலின் ஒரு நாள் தோற்றம். 1988இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் பெருந்தீ பரவியபோது காடே போய்விட்டது என்று உலகம் பதறியது. பிறகு போய்ப் பார்த்தவர்கள் கண்டது வேறு. கருகிய திட்டும் கருகாத திட்டும் கலந்து கிடந்தன, கருகிய இடத்தில் புதுக் கன்றுகள் முளைத்திருந்தன.

தமிழில் இந்தச் சிந்தனை புதிதல்ல. ஐந்திணையில் நான்குக்குத் தனி நிலம் உண்டு. பாலைக்கு அப்படி இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது எடுக்கும் வடிவமே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. ஒரு நிலம் இன்னொரு நிலமாக மாறும், மழை வந்தால் திரும்பியும் வரும் என்ற அறிவு அதில் இருக்கிறது. அந்த மரபை இலக்கியமாகப் படித்த நாம் நிலவியலாகப் படிக்கவில்லை.

மலை தானே மாறும் விதம்

பச்சைமலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. திருச்சி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. சோபனபுரம் வழியாக மேலேறும்போது அடிவாரத்தில் முள்ளும் ஆவாரையும் உசிலையும் கலந்த புதர்க்காடு. சரிவில் கோடையில் இலை உதிர்க்கும் காடு. ஓடைகளை ஒட்டி மட்டும் ஆண்டு முழுதும் பசுமையாக இருக்கும் மெல்லிய பட்டை. மேலே போனால் வண்ணாடு, தென்புறநாடு, கோம்பை என்று மலையாளிப் பழங்குடிகளின் நாடுகள். பெயரைக் கேட்டுக் கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்கிறவர் என்ற பொருளில் வந்த பெயர் அது, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் புறப்பட்டு ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள் என்பது அவர்கள் சொல்லும் வழிவழிக் கதை.

இந்த வகை வறண்ட காட்டை மாற்றும் முதல் ஆற்றல் தீ. தை, மாசியில் உதிர்ந்த சருகு பங்குனி, சித்திரையில் பற்றிக்கொள்ளும். பெரும்பாலும் தரையோடு ஓடும் தீ. முதுமலையில் இந்திய அறிவியல் நிறுவனம் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டுக் கவனித்து வருகிறது. தரைத்தீயில் சாவது பெரிதும் சிறு கன்றுகளும் மெல்லிய தண்டுகளும்தான், தடித்த மரங்களில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன என்பது அங்கே கண்ட உண்மை. வேர் உயிரோடு இருந்தால் கருகிய கன்றும் மழைக்குப் பின் துளிர்க்கும்.

இரண்டாவது வறட்சி. ஈரம் தங்கும் ஓடையோரம் தாங்கும், பாறை மேட்டில் நிற்கும் மரம் பட்டுப்போகும். மூன்றாவது மூங்கில். பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மலைப் பகுதியின் மூங்கில் எல்லாம் சேர்ந்து பூத்துச் சேர்ந்து சாகும். அந்தக் காய்ந்த மூங்கில் அடுத்த தீக்கு விறகு. நான்காவது காற்று. சித்திரை, வைகாசிச் சூறாவளிக் காற்று உச்சி மரங்களைச் சாய்த்து ஆங்காங்கே வெளிச்சப் பொத்தல் போடும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நம் மலைகளில் மின்னலால் பற்றும் தீ அரிது. பெரும்பாலான தீ மனிதர் கையால் வருவது. எனவே "இயற்கைக் குலைவு", "மனிதக் குலைவு" என்று கோடு கிழித்துப் பிரிக்க இங்கே முடியாது. எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்தப் பருவத்தில், யாருடைய தேவைக்காக என்று கேட்டால்தான் வேறுபாடு புலப்படும்.

அப்படிக் கேட்கும்போது மர வெட்டு மற்ற குலைவுகளிலிருந்து நான்கு வகையில் விலகி நிற்கிறது. தீயும் காற்றும் மரத்தைக் கொன்றாலும் கட்டையை அங்கேயே விட்டுப் போகின்றன. அது மட்கி மண்ணாகிறது, பொந்தாகிப் பறவைக்கு வீடாகிறது. வெட்டு கட்டையைக் கீழே கொண்டுபோய்விடுகிறது. தீ எந்த மரம் என்று பார்ப்பதில்லை. வெட்டு விலை போகும் மரத்தை மட்டும் தேடி எடுக்கிறது. தீ பாதை போடுவதில்லை. வெட்டுக்கு வண்டிப் பாதை வேண்டும், அந்தப் பாதை வழியே மண் அரிப்பும் களைச்செடியும் அடுத்த கோடாலியும் வருகின்றன. கடைசியாக, தீ விட்டுப்போகும் விளிம்பு வளைந்து நெளிந்து கிடக்கும். வெட்டு விட்டுப்போகும் விளிம்பு அலுவலக வரைபடத்தில் கிழித்த கோடு போல நேராக இருக்கும்.

புனமும் கூப்பும்

மலையாளி மக்கள் காட்டைத் தொடாமல் வாழ்ந்தார்கள் என்று புனிதக் கதை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் காட்டை வெட்டினார்கள், எரித்தார்கள், விதைத்தார்கள். புனம் என்பது அதுதான். சரிவில் ஒரு துண்டைத் திருத்தி, காய்ந்த தழையைக் கொளுத்தி, சாம்பலில் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைப்பார்கள். சில ஆண்டில் மண் களைத்ததும் விட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போவார்கள். வேர்கள் உயிரோடு கிடப்பதால் விட்ட இடத்தில் காடு மீளும். ஊருக்கு மேல் மலை முழுவதும் வெவ்வேறு வயதுள்ள திட்டுகளாக இருக்கும். புதுப் புனம், புதர், இளங்காடு, தொடக்கூடாத கோயில் சோலை என்று எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். வாட் சொன்ன ஒட்டுப்போட்ட போர்வைக்கு நெருக்கமான வடிவம் இது. மக்கள் தொகை குறைவாகவும் தரிசுக் காலம் நீளமாகவும் இருந்தவரை அது தாங்கியது.

இதைத்தான் வெள்ளை அரசு முதல் குற்றமாகப் பதிந்தது. சென்னை மாகாண வனத்துறை 1856இல் தொடங்கியது. அதன் முதல் காப்பாளர் ஹியூ கிளெக்ஹார்ன், மருத்துவராக வந்தவர். 1861இல் தென்னிந்தியக் காடுகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். புனச் சாகுபடி மரத்தை வீணாக்கும் பழக்கம் என்பது அவர் கருத்து. ஆனால் அதே ஆண்டுகளில் மலைகளிலிருந்து இறங்கிய மரம் எங்கே போனது என்று பார்க்க வேண்டும்.

சென்னை மாகாணத்தின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு ஓடியது. நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பிய பாதை 1862இல் திருச்சியை எட்டி, பிறகு ஈரோடு வரை நீண்டது. ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 ஸ்லீப்பர் கட்டைகள் வேண்டும். வெயிலிலும் கரையானிலும் அவை சில ஆண்டுகளில் இற்றுப்போகும், மறுபடி வெட்ட வேண்டும். 1850களில் சென்னை மாகாணத்தில் மட்டும் ஸ்லீப்பருக்காக ஆண்டுக்கு 35,000 மரங்கள் வெட்டப்பட்டன என்பது அக்காலக் கணக்கு. ரயில் எஞ்சினுக்கு நிலக்கரி வங்காளத்திலிருந்து வர வேண்டும், செலவு அதிகம். அதனால் தென்னாட்டு எஞ்சின்கள் நெடுங்காலம் விறகில் ஓடின. பாதைக்கு அருகிலிருந்த வறண்ட காடுகள் கொதிகலனுக்குள் போயின. காடு தீரத் தீரக் கடற்கரையோரம் சவுக்குத் தோப்புகள் போடப்பட்டன. சவுக்கு நம் ஊர் மரம்போல நமக்குத் தோன்றுவதற்கு ரயிலின் பசி ஒரு காரணம்.

புனம் வெட்டியவரின் திட்டு ஏக்கர் கணக்கு. அதில் காடு மீண்டது. ரயிலுக்கு வெட்டியவரின் திட்டு மைல் கணக்கு. வண்டி போகும் தூரம்வரை மொட்டை, வண்டி ஏற முடியாத செங்குத்தில் மட்டும் காடு. இன்றும் சமவெளியை ஒட்டிய குன்றுகள் மொட்டையாகவும் எட்டாத பள்ளத்தாக்குகள் பச்சையாகவும் இருப்பதைப் பார்க்கிறோம். சந்தைக்கும் சாலைக்கும் உள்ள தூரம் காட்டில் அப்படிப் பதிந்திருக்கிறது.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் இதற்குப் பின் வந்தது. காப்புக்காடு என்ற எல்லை கல் நட்டுக் குறிக்கப்பட்டது. மேய்ச்சல், விறகு, தழை, பட்டை ஒவ்வொன்றுக்கும் அனுமதி, கட்டணம், அபராதம் வந்தன. மக்களின் முறையீடு மலிந்து, 1913இல் அரசே ஒரு வனக் குழுவை அமைத்து விசாரிக்க வேண்டியதாயிற்று. இன்னொரு பக்கம், காப்புக்காட்டுக்குள் வெட்டு நிற்கவில்லை, முறைப்படுத்தப்பட்டது. காட்டைக் கூப்புகளாகப் பிரித்து, ஆண்டுக்கொரு கூப்பு ஏலம் விட்டு, அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்க விடுவார்கள். ஒரு கூப்பில் எல்லா மரத்துக்கும் ஒரே வயது. ஓர் அடியிலிருந்து நாலைந்து மெல்லிய தண்டுகளாக வளர்ந்த மரங்களை மலையில் பார்த்தால், அவற்றில் பல அந்த வெட்டின் தழும்பு என்று மாணவர்கள் அறிய வேண்டும்.

ஜமீன்களின் கையிலிருந்த காடுகளின் கதை இன்னும் மோசம். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. நிலம் போகப்போகிறது என்று தெரிந்ததும் மரத்தையாவது காசாக்கலாம் என்று பல ஜமீன்தார்கள் காட்டை ஒப்பந்தக்காரர்களுக்கு விற்றார்கள். அந்த வெட்டைத் தடுக்கவே 1949இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. சுள்ளி பொறுக்கிய கிழவிக்கு 1882இலேயே சட்டம் இருந்தது. மலையை ஏலம் போட்ட ஜமீன்தாருக்குச் சட்டம் வர 67 ஆண்டுகள் ஆயின.

மேலே காப்புக்காடு, கீழே தரிசு

இதில் தலித் மக்கள் எங்கே என்று கேட்பீர்கள். காட்டின் விளிம்பில்தான் இருந்தோம். சேரிக்கு அடுப்பெரித்தது காட்டு விறகு. தலைச்சுமையாகக் கொண்டுவந்து ஊர்த்தெருவில் விற்ற விறகு நம் பெண்களின் வருமானம். தோல் பதனிட வேண்டிய ஆவாரம்பட்டை புதர்க்காட்டிலிருந்து வந்தது. தென்னிந்தியத் தோல் தொழில் கப்பலேறி உலகச் சந்தைக்குப் போனதில் ஆவாரம்பட்டைக்குப் பெரும் பங்கு உண்டு. பட்டையை உரித்தவர், தோலைச் சுமந்தவர், ஊறல் தொட்டியில் இறங்கியவர் பெயர்கள் எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் இல்லை.

மாதவ் காட்கிலும் ராமச்சந்திர குஹாவும் 1992இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், சாதிகள் இயற்கை வளங்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டதால் போட்டி குறைந்து வளம் காக்கப்பட்டது என்ற வாதம் இருக்கிறது. வனச் சட்டங்களின் கொடுமையை வெளிக்கொண்டுவந்த நூல் அது, அந்த நன்றி நமக்கு உண்டு. ஆனால் இந்த வாதத்தை ஏற்க முடியாது. பங்கீடு என்றால் பங்கு கேட்கும் உரிமை இருந்திருக்க வேண்டும். செத்த மாட்டை எடு, பட்டையை உரி, கிணற்றைத் தொடாதே என்பதற்குப் பெயர் பங்கீடு அல்ல. இந்தியச் சுற்றுச்சூழல் இயக்கம் சாதியைக் காணாமல் கடந்து போவதை முகுல் சர்மா 2017இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். நம் மாணவர்கள் இந்த இரண்டு நூல்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இரண்டு தேதிகளை அருகருகே வையுங்கள். 1882இல் வனச் சட்டம் மேலே காட்டை மூடுகிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர், ஊர்த் தரிசு நிலத்தைக்கூடப் பறையர் மக்கள் பெறவிடாமல் மிராசுதார்கள் தடுப்பதை அறிக்கையாக எழுதுகிறார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வந்த ஆணைதான் நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லும் ஒதுக்கீட்டின் தொடக்கம். காட்டுக்குப் போனால் ரேஞ்சர், தரிசுக்குப் போனால் மிராசுதார். இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில் எஞ்சியது கூலி. கூலியும் இல்லாத பஞ்ச ஆண்டுகளில் எஞ்சியது கப்பல்.

கண்டிச் சீமை

துறையூர், முசிறி வட்டாரத்துச் சேரிகளில் "கண்டிக்குப் போனவங்க" என்று ஒரு கிளைக் குடும்பத்தைச் சொல்லாத வீடு குறைவு. இலங்கை மலையகத் தமிழரின் வேர் ஊர்களில் திருச்சி மாவட்டம் முதன்மையானது. போனவர்களில் பெரும் பங்கினர் ஒடுக்கப்பட்ட சாதியினர்.

அங்கே நடந்ததும் காட்டு வரலாறுதான். 1820களில் தொடங்கிய காப்பித் தோட்டங்களுக்காக நடுமலைக் காடு அழிக்கப்பட்டது. வெட்டும் முறையைத் தோட்டக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். சரிவில் கீழிருந்து மேலாக மரங்களைப் பாதி மட்டும் வெட்டி வைப்பார்கள். உச்சியிலுள்ள பெரிய மரத்தை முழுதாக வெட்டிச் சாய்த்தால் அது அடுத்ததைத் தள்ள, அது அதற்கடுத்ததைத் தள்ள, மலைச்சரிவே ஒரே ஓசையில் படுத்துவிடும். பிறகு தீ. சாம்பல் ஆறியதும் வரிசை வரிசையாகக் கன்று நட நம் ஆட்கள். 1869இல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. ஒரே செடி மலை மலையாக நின்றதால் நோய் தடையின்றிப் பரவியது. சில ஆண்டுகளில் காப்பி படுத்தது, தேயிலை எழுந்தது. காடு கலப்பாக இருந்திருந்தால் ஒரு பூஞ்சை இவ்வளவு தூரம் போயிருக்காது. ஒற்றைப் பயிரின் குலைவு என்றால் என்ன என்பதற்கு உலகப் பாடப்புத்தக எடுத்துக்காட்டு அது. அந்த மலைகளில் உழைத்தவர் நம் பாட்டன் பாட்டிகள்.

காட்டை இழந்த மலை மழையைத் தாங்காது என்பது இரண்டாவது பாடம். வேர் பிடித்த மண் இளகும், சரியும். மண்சரிவு இயற்கையின் குலைவு என்றே கணக்கில் எழுதப்படுகிறது. யார் வீட்டின் மேல் சரிகிறது என்று பாருங்கள். 2014 அக்டோபர் 29, பதுளை மாவட்டம் மீரியபெத்தையில் புதைந்தவை தோட்டத் தொழிலாளரின் லயன்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் 70 பேர் மடிந்தார்கள். தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் தேயிலைக்குப் போன குடும்பங்கள்; பெரும்பாலோர் தலித்துகள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையிலும் மண் தேடி வந்தது தோட்டத் தொழிலாளரைத்தான். பங்களா மேட்டில் இருக்கும், லயன் ஓடையோரப் பள்ளத்தில் இருக்கும். மழை எல்லோருக்கும் பெய்கிறது. எந்தச் சரிவில் யாருக்கு வீடு என்பதை மழை முடிவு செய்வதில்லை.

1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியபோது அதற்கு எடுத்துக்கொண்டதும் வனத்துறை நிலமே. குடியுரிமை இழந்து வந்த மக்களின் கையாலேயே மீண்டும் ஒரு காடு தேயிலையானது. குற்றவாளி யார் என்று கேட்டால் கொழுந்து கிள்ளும் கையைக் காட்ட முடியுமா?

கோடாலியைக் கையில் கொடுத்தவர்

அந்தக் கையைத்தான் அரசு எப்போதும் காட்டியிருக்கிறது. 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டம் சித்தேரி மலை அடிவாரத்து வாச்சாத்தி. சந்தன மரம் பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் படை ஊருக்குள் புகுந்தது. மலையாளிப் பழங்குடி ஊர். வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணறு பாழாக்கப்பட்டது, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரித் தோழர்களும் விடாமல் நடத்திய போராட்டத்தால் வழக்கு நின்றது. 269 பேர் குற்றம் சாட்டப்பட்டு, தீர்ப்புக்குள் 54 பேர் இறந்துபோக, 2011 செப்டம்பர் 29 அன்று எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அதை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டுகள்.

சந்தனம் என்ன மரம்? தன் பட்டா நிலத்தில் தானாக முளைத்தாலும் நெடுங்காலம் விவசாயிக்குச் சொந்தமில்லாத மரம். வெட்டிய கூலிக்கு ஒரு நாள் சோறு, வாங்கி விற்றவருக்கு மாளிகை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் இதே கணக்குதான். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் பகுதிகளிலிருந்து கூலிக்குப் போனவர்கள், அவர்களில் பல பேர் மலையாளிப் பழங்குடிகள். செம்மரம் எந்தத் துறைமுகம் வழியாக எந்த நாட்டுக்குப் போகிறது, யார் பணத்தில் போகிறது என்ற கேள்வி பிணங்களோடு சேர்த்துப் புதைக்கப்பட்டது. மரத்தை வெட்டினால் குண்டு என்றால், கிளெக்ஹார்ன் காலத்து ரயில் ஒப்பந்தக்காரருக்கு எத்தனை குண்டு?

இன்றைய பச்சைமலை

இன்று பச்சைமலையில் மேலேறிப் பார்த்தால் புனம் இல்லை. சாமையும் தினையும் சுருங்கிவிட்டன. சரிவெல்லாம் மரவள்ளி. ஆத்தூர், சேலம் வட்டார ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. கிழங்கைப் பிடுங்கும்போது மண் கிளறப்பட்டு அடுத்த மழையில் இறங்கிவிடுகிறது. மலையாளி மக்கள் சோம்பிப்போய்ச் சாமையை விடவில்லை. மாறிமாறிப் பயிரிடக் காடு இல்லை, ஒரே துண்டில் ஆண்டு தவறாமல் பயிர் செய்ய வேண்டும், கடன் அடைக்கக் காசுப் பயிர் வேண்டும். காப்புக்காட்டுக் கல் எங்கே நிற்கிறதோ அங்கே தரிசுக் காலம் முடிந்தது.

கல்லுக்கு அப்பால் உண்ணிச்செடி. பூந்தோட்டத்துக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த செடி இன்று தென்னாட்டுக் காடுகளின் அடித்தளத்தை அடைத்து நிற்கிறது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைச் சோலிகர்கள் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார்கள். பருவத்தின் தொடக்கத்தில் நாங்கள் சருகுக்குச் சிறு தீ வைப்போம், அதில் உண்ணிக் கன்று செத்துவிடும். தீயைத் தடை செய்தீர்கள், உண்ணி புதராக மண்டியது, இப்போது பற்றும் தீ மரத்தின் உச்சிவரை போகிறது என்கிறார்கள். ஆய்வாளர்கள் அதைக் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். காட்டுக்கு எந்தக் குலைவு வேண்டும், எது வேண்டாம் என்ற அறிவு அந்த மக்களிடம் இருந்தது. அதைக் குற்றம் என்று எழுதியதன் விளைவைக் காடும் சேர்ந்து அனுபவிக்கிறது.

2006இன் வன உரிமைச் சட்டம் இந்த வரலாற்று அநீதியைத் தன் முகப்புரையிலேயே ஒப்புக்கொள்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால ஆணையால் பட்டா வழங்கல் பல ஆண்டுகள் முடங்கி, 2016இல் உச்ச நீதிமன்றம் தடையை விலக்கிய பிறகே வழி திறந்தது. இந்தச் சட்டத்தில் நமக்கு நேரடியாகப் படும் ஒரு முள் உண்டு. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன் காட்டில் வாழ்ந்ததைக் காட்டினால் போதும். பழங்குடி அல்லாத மரபுவழிக் காடுவாழ் மக்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அடிவாரச் சேரிகளில் வாழும் தலித் மக்கள் இந்த இரண்டாம் வகையில் வருகிறார்கள். 75 ஆண்டுக்கு முன் சேரிக்கு எவர் காகிதம் கொடுத்தார்? வரி ரசீது மிராசுதார் பெயரில், அபராத ரசீதை அடுப்பில் போட்டிருப்பார் பாட்டி. ஆனால் சட்டத்தின் விதிகள் ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கின்றன. சுடுகாடு, குலதெய்வக் கல், பழைய கிணறு எல்லாம் சான்றாகும். இதை நாம் போதுமான அளவுக்குப் பயன்படுத்தவில்லை.

எனவே மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் ஊரிலிருந்து மலைவரை நடந்து ஒரு வரைபடம் போடுங்கள். எங்கே விறகு பொறுக்கினார்கள், எங்கே ஆவாரம்பட்டை உரித்தார்கள், எந்தத் தடத்தில் மாடு போனது, எந்த ஆண்டு எந்தக் கூப்பு வெட்டப்பட்டது, எந்தக் கோடையில் தீ வந்தது, எந்தக் கல்லுக்கு யார் பொங்கல் வைத்தார்கள். எண்பது வயதுப் பாட்டிகள் இருக்கும்போதே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கைரேகையும் போதும். மேலே மலையாளி ஊரிலும் உட்கார்ந்து கேளுங்கள். அடிவாரச் சேரியும் மலை ஊரும் ஒன்றையொன்று விறகுத் திருடர் என்று பேசிக்கொண்டிருந்தால் இலாபம் யாருக்கென்று சொல்லத் தேவையில்லை. கிராம சபையில் இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார வேண்டும்.

அண்ணல் 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய "மாநிலங்களும் சிறுபான்மையினரும்" ஆவணத்தில் கேட்டதை நினைவூட்டி முடிக்கிறேன். அரசுக்குச் சொந்தமான, பயிரிடத்தக்க தரிசு நிலங்களை ஒரு குடியேற்ற ஆணையத்தின் கையில் கொடுத்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிக் குடியிருப்புகள் அமைக்க வேண்டும் என்றார் அவர். ஊரின் புறத்தே நிற்பவருக்கு நிலத்தின் மீது பிடி இல்லாதவரை விடுதலை இல்லை என்று அவருக்குத் தெரியும். அந்தக் கோரிக்கை அரசமைப்புச் சட்டத்துக்குள் வரவில்லை. வனத்துறையின் எல்லைக் கற்கள் மட்டும் இன்னும் நட்ட இடத்தில் நிற்கின்றன. வரும் கிராம சபைக்குள் துறையூர் வட்டாரத்தில் மூன்று ஊர்களாவது தங்கள் வரைபடத்தோடு வர வேண்டும். அந்த மூன்று ஊர்கள் எவை என்பதைக் கூட்டம் முடிந்து கலைவதற்கு முன் இங்கேயே முடிவு செய்வோம்.

ஜெய் பீம்.